தோளில் இருந்த கை

பாட்டி இறந்த அன்று இரவு பதினொரு மணிக்கு நாங்கள் அவருடைய படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். 2016ஆம் ஆண்டு. மறுநாள் மதியம் எடுப்பதாக முடிவாகியிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும். பதினாறாம் நாளுக்குப் பத்திரிகையில் போடவும் வேண்டும். அடையாள அட்டையில் இருந்தது கட்டைவிரல் நகம் அளவுதான். பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது.

வீட்டில் படங்களுக்குப் பஞ்சமில்லை. 2011இல் நடந்த என் கல்யாணத்துக்கு மட்டும் 1,400 படங்கள். இரண்டு ஆல்பம், ஒரு ஹார்ட் டிஸ்க். மருதாணி போட்ட என் கை நாற்பது படங்களில் இருந்தது. நாற்காலிமேல் வைத்த என் செருப்புக்குத் தனியாக இரண்டு படம். பாட்டி ஒரே ஒரு படத்தில் இருந்தார். மேடையில் எடுத்த குடும்பப் படம். மூன்றாவது வரிசை, வலது ஓரம். முன்னால் நின்ற மாமாவின் தலைக்கும் அலங்காரத் தூணுக்கும் நடுவில் அவர் முகம் தெரிந்தது.

கிள்ளானில் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் அந்த நேரத்தில் எங்களுக்காகக் கடையைத் திறந்தார். மாமாவை வெட்டினார். தூணை வெட்டினார். பின்னால் நீல நிறம் கொடுத்தார். பாட்டியின் இடது தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. நான்கு விரல்கள், ஒரு மெல்லிய வளையல். அதை அழிக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார். அப்பா, "இருக்கட்டும், நேரமில்ல" என்றார். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்த அம்மா, "இது எதிர் லயத்துப் பாட்டி கை" என்றார். தோட்டத்தில் முப்பது வருடம் எதிர்வீட்டில் இருந்தவர். அந்தக் கையோடுதான் பாட்டி இன்றைக்கும் எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் நினைவஞ்சலிப் படங்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள். பட்டுச் சேலை, புதுச் சட்டை, ஓரத்தில் யாருடைய மாலையோ ஒரு துண்டு, யாருடைய தோளோ ஒரு பிசிறு. நம் பெரியவர்களின் கடைசிப் படம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் எடுத்ததாகத்தான் இருக்கிறது. அவர்கள் வேறு எதற்காகவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு கேமராமுன் நின்றதில்லை.

2023இல் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது படமெடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கைதான்.

தங்கச்சி முன்பணம் கட்டியிருந்த இளைஞரின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. படி ஏறும்வரை மல்லிகை வாசம் கூடவே வந்தது. தங்கச்சி தன் போனில் அறுபது மாதிரிப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். புகைக்குள் நடந்து வருவது, ட்ரோனிலிருந்து எடுத்த கோலம், கிள்ளான் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் கைகோத்து நிற்பது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதெல்லாம் எடுத்துறலாம்கா. லைட்ட நான் பாத்துக்குவேன். ஆளுங்களத்தான் எனக்குத் தெரியாது. யாரு யாருகூட நிக்கணும்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 400 பேர் வருகிறார்கள். நான்கு நான்கு பேராக மேடை ஏறினால் நூறு குழு. ஒரு குழுவுக்கு அரை நிமிடம் என்றாலும் ஐம்பது நிமிடம். பெரியவர்களால் அவ்வளவு நேரம் வரிசையில் நிற்க முடியாது. சர்க்கரை, முட்டிவலி, கீழே காடியோடு காத்திருக்கும் மகன். சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். அதனால் பெரியவர்களை முதலில் எடுத்துவிட வேண்டும். பட்டியல் பதினைந்து வரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பெண்ணின் முகத்தில் சிரிப்பு நிற்காது. பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் வேண்டும். சொந்தம் தெரிந்தவராக, குரல் உள்ளவராக இருக்க வேண்டும். கெட்டிமேளம் கேட்டதும் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள், அதனால் முன் இரண்டு வரிசையை உட்காரச் சொல்ல ஐயரிடம் முன்னாடியே பேசி வைக்க வேண்டும். மூன்று முடிச்சு விழுவதற்குப் பத்து வினாடிதான். அதைத் திரும்ப எடுக்க முடியாது. நேராக ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதியும்.

"இவ்ளோ இருக்கா?" என்றேன்.

"கல்யாணத்து அன்னிக்கு யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காதுக்கா. அன்னிக்கு யாரு கண்ணு முன்னால நிக்கிறாங்களோ அவுங்கதான் படத்துல வருவாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் கூட வந்தது. பாட்டி யார் கண்முன்னும் நிற்கிற ஆளில்லை.

பட்டியல் எழுதுவது புதிய பழக்கம் என்று நினைத்திருந்தேன். அம்மாதான் திருத்தினார். அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொண்டது 1981இல், காப்பார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். கிள்ளானிலிருந்து படக்காரர் வந்திருந்தார். ஒரே ஒரு ரோல், 36 படம். கூடுதல் ரோலுக்குக் காசு கிடையாது. முதல் நாள் இரவு தாத்தா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாராம். கிராணியோடு இரண்டு, கங்காணியோடு ஒன்று, பெண் வீட்டாரோடு நான்கு, தாலி கட்டுவது மூன்று என்று. 36ஐயும் பங்கு போட்டு முடித்தாயிற்று. படங்களில் கிராணி நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

பாட்டி மாப்பிள்ளையின் அம்மா. 36இல் ஒன்றில்கூட அவர் இல்லை. பின்கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கேட்டபோது, "கூப்புட்டு வுட்டாங்க. கையெல்லாம் கரி. எப்படிப் போறது?" என்று சிரித்தார்.

பாட்டிக்கு முதல்முதலாகப் படம் எடுத்தது அரசாங்கம். 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமானது. காட்டுக்குள் இருந்தவர்களிடமிருந்து மற்றவர்களைப் பிரித்தறிய, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் வைத்த அடையாள அட்டை கொடுத்தார்கள். பாட்டிக்கு அப்போது 14 வயது. "வரிசையா நிக்க வச்சு எடுத்தானுங்க. என்னமோ தப்பு செஞ்ச மாதிரி இருந்துச்சு" என்பார். தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் படம். காவலுக்காக எடுத்தது. அடுத்த படத்துக்கு யாராவது கல்யாணம் செய்ய வேண்டியிருந்தது.

அம்மாவின் 36 படங்களுக்கு இன்னொரு வேலையும் வந்தது. அப்பா 2019இல் போனார். அவர் பெயரில் வரவேண்டிய ஒரு தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மாவிடம் அது இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவுசெய்யக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்றுதான். அதற்குமுன் சமய வழக்கப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. செல்லும் என்பது வேறு, முகப்பில் இருப்பவரிடம் காட்ட ஒரு தாள் இருப்பது வேறு. அம்மா பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தை எடுத்து வைத்தார். தாலி கட்டும் படம். பெண் அதிகாரி படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் சத்தியப் பிரமாணம் செய்து கையொப்பம் வாங்கி வரச் சொன்னார். படத்தின் நகலையும் சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டார். 38 வருடம் வாழ்ந்ததற்கு ஒரு பிலிம் துண்டு சாட்சி.

தங்கச்சிக்கு அந்தக் கவலையில்லை. கோயில் சடங்குக்கு நான்கு மாதம் முன்பே பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. சட்டப்படி அவள் ஏற்கெனவே மனைவி. அப்படியென்றால் கோயிலில் நடக்கப்போவது யார் யார் அவளுக்குச் சொந்தம் என்று ஊருக்குக் காட்டுவதற்குத்தான். அதைப் படம் எடுத்து வைப்பதற்கும்தான். அதனால்தான் பட்டியல் எழுதும்போது என் கை நடுங்கியது என்று நினைக்கிறேன்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினோம். அம்மா, அத்தை, தங்கச்சி, நான். முதல் வரியில் "அம்மா, பெண், மாப்பிள்ளை" என்று எழுதினேன். தாரை வார்ப்பது சித்தப்பாவும் சித்தியும் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் முதல் வரியைப் பார்த்த அத்தை பேனாவை வாங்கிக் கீழே வைத்தார்.

"மாலையும் கழுத்துமா நிக்கிறப்ப மொதப் படமே அண்ணிகூடவா? நான் சொல்லலம்மா. நாளைக்கு ஒன்னுன்னா ஊரு சொல்லும்."

"ஊரா வந்து கல்யாணச் செலவு பண்ணுது?" என்று கேட்டேன். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அம்மா பேனாவை எடுத்துத் தன் பெயரைத் தானே அடித்தார். கோடு நேராக, நிதானமாக இருந்தது. "கடைசில எல்லாரும் நிக்கிறதுல நானும் நிக்கிறேன். போதும்லா. சண்டைய இன்னிக்கே முடிச்சிருங்க, அன்னிக்கு வேணாம்" என்றார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் கல்யாணத்தில் இதே அம்மா மேடையை விட்டு இறங்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுத்ததும் ஆரத்தித் தட்டை ஏந்தியதும் அவர்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் இருக்கிறார். நடுவில் மாறியது ஒன்றுதான், அப்பா இல்லை. அந்த மேசையில்தான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. 2011இல் பாட்டி மூன்றாவது வரிசையில் நின்றதற்குக் காரணம் கூச்சம் என்று நினைத்திருந்தேன். தாத்தா 1994இல் போயிருந்தார். பாட்டியிடம் யாரும் ஒதுங்கச் சொல்லவில்லை. முன்னால் வரவும் யாரும் சொல்லவில்லை. எதிர் லயத்துப் பாட்டியும் தாலி இழந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து ஓரமாக நின்றிருக்கிறார்கள். நான் கல்யாணப் பெண். நான் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அம்மாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அவர் ஒதுங்குவது பயத்தால் மட்டும் இல்லை. மகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற பிடிவாதமும் அதில் இருந்தது. அவரை மேடைக்கு நகர்த்த முடியாவிட்டால் கேமராவை அவர் இருக்கும் இடத்துக்கு நகர்த்தலாமே என்று அன்றிரவு தோன்றியது. பிரிக்பீல்ட்ஸுக்கு போன் செய்தேன். பட்டியலுக்கு வெளியே மூன்று வரி சொன்னேன்.

ஒன்று, காலையில் வீட்டில் அம்மா தனியாக. நான் ஆறு மணிக்கு என்றேன். "ஏழு மணிக்கு மேலதான்கா நம்ம ஊர்ல வெளிச்சம் வரும். ஏழேகால் போட்டுக்குங்க. சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இரண்டு, தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேமரா, அம்மாவை மட்டும் பார்க்க. மூன்று, கூட்டம் கலைந்தபின் அம்மாவும் தங்கச்சியும் சேர்ந்து சாப்பிடுவது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டாவதுக்கு என் உதவியாளர் பொண்ணு நிக்கட்டும். எங்க அம்மாவும் அப்படித்தான்கா, தூண் பக்கத்துல நிப்பாங்க" என்றார். கூடுதல் கேமராவுக்கு 300 வெள்ளி. ட்ரோனை விட்டுவிட்டோம். தங்கச்சிதான் விடச் சொன்னாள்.

கல்யாணத்தன்று ஏழேகாலுக்கு அம்மா தேநீர்க் குவளையோடு ஜன்னலோரம் நின்றார். "எனக்கெதுக்கு இதெல்லாம், நேரமாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே முந்தானையைச் சரிசெய்தார். நான்கு படம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

முகூர்த்த நேரத்தில் நான் மேடையில் தங்கச்சிக்குப் பின்னால் நின்றேன். நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போடக் குனிந்தபோது, அவளுடைய கூந்தலைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. அம்மாவைப் பார்க்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்துப் படத்தில்தான் பார்த்தேன். மண்டபத்தின் பின்புறம், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த தூணோரம் அம்மா நிற்கிறார். எல்லாரும் போனைத் தூக்கியிருக்கிறார்கள். அம்மாவின் வலது கை வீசி முடித்து விரிந்திருக்கிறது. மஞ்சள் அரிசி அவருக்கு இரண்டு முழம் முன்னால் காற்றில் நிற்கிறது. மேடை அங்கிருந்து அறுபது அடியாவது இருக்கும். போய்ச் சேராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் முழுக் கையையும் வீசியிருக்கிறார்.

அத்தைக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். குத்திக்காட்டத்தான் காட்டினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஒன்னு கழுவிக் குடு" என்றார். எனக்கு அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மொத்தம் 2,600 படங்கள் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளினோம். பட்டியலின் பதினைந்து வரியும் அப்படியே வந்திருந்தன. சித்தப்பா குடும்பம், பெரியம்மா பிள்ளைகள், ஈப்போவிலிருந்து வந்த மாமா, சக்கர நாற்காலியில் வந்த சின்னத் தாத்தா. எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா திடீரென்று கேட்டார்.

"அந்தப் பாட்டி எங்கடி?"

"எந்தப் பாட்டி?"

அம்மா பதில் சொல்லவில்லை. ஹாலில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தோளில் இருந்த கையைப் பார்த்தேன்.

எதிர் லயத்துப் பாட்டி கல்யாணத்துக்கு வந்திருந்தார். பேரன் காடியில் கொண்டுவந்து விட்டிருந்தான். என் கையைப் பிடித்து, "ஒங்க பாட்டி இருந்திருக்கணும்" என்றார். உறையில் இருபது வெள்ளி வைத்துக் கொடுத்தார். நான், "சாப்பிட்டுப் போங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட ஓடினேன். என் பட்டியல் சொந்தக்காரர்களின் பட்டியல். அவர் எந்த வரியிலும் இல்லை. என்னைப் பெற்றபோது அம்மாவுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் அவர். தோட்டத்தை விற்று எல்லாரையும் கலைத்தபோது பாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவர். ஆனால் அவரை என்ன முறை சொல்லி மேடைக்கு அழைப்பது? தாத்தாவின் பட்டியலில் கிராணிக்கு இடமிருந்தது. என் பட்டியலில் ரத்தத்துக்கு மட்டும் இடமிருந்தது. இரண்டிலும் எதிர்வீட்டுக்கு இடமில்லை.

தேடினோம். சாப்பாட்டுக் கூடத்துப் படம் ஒன்றில் பின்னால், கை கழுவும் இடத்தில், குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. அம்மா, "அவுங்கதான்" என்றார். சேலையை வைத்துச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அம்மாவை ஏற்றிக்கொண்டு காப்பாருக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஃபிளாட் வாசலில் செருப்புகளுக்கு நடுவே ஒரு துளசித் தொட்டி. பாட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண ஆல்பத்தைக் காட்டினோம். ஒவ்வொரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். தான் அதில் இல்லாதது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் தயங்கித் தயங்கி, "பாட்டி, உங்கள ஒரு படம் எடுக்கலாமா?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"எதுக்குடி, சாவுக்கா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இல்லை என்று சொல்லப் போனேன், வாய் வரவில்லை. அம்மா கீழே பார்த்துக்கொண்டார். பாட்டி அதற்குள் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துவிட்டார். "செத்த இரு, நல்ல சீலையாக் கட்டிட்டு வரேன்" என்று உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். இப்போது எனக்கு அது தெரியும்.

அரக்குச் சேலையில், முகத்தில் பவுடரோடு வந்தார். உட்கார்ந்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ரெண்டா எடு. ஒன்னு இவளோட. இன்னொன்னு தனியா. அது அப்பறம் வேணும்ல."